மாங்காட்டுச் சூளை

எங்கள் அய்யாவுக்கு, அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கு, ஒரு போட்டோகூடக் கிடையாது. பட்டாளத்துக்குப் போனார், திரும்பி வரவில்லை. வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு மெடல்தான். அப்பத்தா இருந்தவரை பொங்கலுக்கு முந்தின வாரம் குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளத்தோடு சேர்த்து அதையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கும். முந்தானையில் துடைத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கும். மாட்டுப் பொங்கல் முடிந்ததும் அது தகரப் பெட்டிக்குள் போய்விடும்.

அந்த மெடலின் விளிம்பில் எழுத்து இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வருஷா வருஷம் புளி போட்டுத் தேய்த்து, இருந்த எழுத்தையும் பாதி அழித்து வைத்திருந்தோம். இதைப் படிப்பவர்கள் வீட்டில் அப்படி ஒரு மெடல் இருந்தால் இன்றே கேட்டுக்கொள்கிறேன்: எதைப் போட்டும் தேய்க்காதீர்கள். கறுத்துப் போயிருந்தால் கறுத்தே இருக்கட்டும்.

எங்கள் ஊர் சிலைமான் பக்கம், வைகைக்குத் தென்கரை. அய்யா பட்டாளத்துக்குப் போகும் முன் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். அவர் எப்படி இறந்தார் என்பதற்கு வீட்டில் ஒரே ஒரு கதைதான் சொல்லப்பட்டு வந்தது. சிங்கப்பூரில் ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனான், அங்கே நேதாஜி படையில் சேர்ந்தார், வெள்ளைக்காரனோடு சண்டை போட்டுச் செத்தார். பெரியப்பா இதை எல்லாக் காதுகுத்திலும் கல்யாணத்திலும் சொல்வார். 1939 செப்டம்பரில் நேதாஜி வந்துபோன மதுரை இது. அவர் படம் மாட்டாத வீடு எங்கள் பக்கம் குறைவு. மலேயாவில் ரப்பர் தோட்டத்துக்குப் போன தமிழர்கள் எத்தனையோ பேர் அந்தப் படையில் சேர்ந்ததும் உண்மை. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும்தான்.

நான் தேட ஆரம்பித்தது அப்பாவுக்காக. அப்பா கைக்குழந்தையாக இருந்தபோதே அய்யா இறந்துவிட்டார். தகப்பன் முகம் தெரியாத மனிதருக்கு, அவர் பெயர் எந்தக் கல்லிலாவது இருக்கிறதா என்றாவது பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

முதல் ஒன்றரை வருஷம் வீண். காரணம், நான் பெயரை வைத்துத் தேடினேன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று ஒன்று இருக்கிறது, 1917-ல் தொடங்கியது. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த இந்தியச் சிப்பாய்களும் அவர்கள் பட்டியலில் உண்டு. இணையத்தில் காசு கட்டாமல் யாரும் தேடலாம். அய்யாவின் பெயர் நம் ஊரில் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கும் பெயர். அடித்ததும் பக்கம் பக்கமாக வந்தது. அதில் ஒருவர் 1942-ல் இறந்திருக்கிறார், பெயர் சிங்கப்பூர் நினைவுச்சின்னத்தில் இருக்கிறது. தகப்பன் பெயரும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. ஆனால் சிங்கப்பூர் என்று பார்த்ததும் எனக்குப் போதுமானதாக இருந்தது. வீட்டுக் கதையும் அதுதானே!

அந்தப் பக்கத்தை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஊருக்குக் கொண்டுபோய் பெரியப்பாவிடம் கொடுத்தேன். அவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிங்கப்பூரில் கிராஞ்சி என்ற இடத்தில் 24,000 பேருக்கு மேல் பெயர் வெட்டிய சுவர் அது என்று சொன்னேன். "எங்கப்பன் பேரு சிங்கப்பூர்ல இருக்குய்யா" என்று அவர் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். அது வேறு யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. அந்தத் தப்பு இன்றுவரை என் மனதை அறுக்கிறது. பெயர் ஒத்துப்போவது ஆதாரம் ஆகாது. நாம் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கும் கதைக்கு ஏற்றமாதிரி ஒரு பெயர் கிடைத்தால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும்.

உடைத்துக் காட்டியது என் அத்தை, அப்பாவின் அக்கா. எண்பத்தைந்து வயதிலும் கண் தெளிவு. ஒருநாள் மெடலைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே, "ஏ தாயி, இந்த ஓரத்துல என்னமோ பொரிப் பொரியா இருக்கே, பாத்தியா?" என்றது. சொல்லிவிட்டு மாடத்திலிருந்து விபூதியை எடுத்து விளிம்பில் அழுத்தித் தடவி, விரலால் வழித்துவிட்டது. தேய்ந்த பள்ளங்களில் வெள்ளை நின்றது. முதலில் எண், அப்புறம் பதவியின் சுருக்கம், அய்யாவின் பெயர், படைப்பிரிவின் சுருக்கம் என்று வரிசையாக ஆங்கில எழுத்து. நானும் அத்தையும் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப் போர் மெடல்களை பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்கு எண்ணும் பெயரும் பொறித்துக் கொடுத்தார்கள். எங்களிடம் இருப்பது 1939–45 போர் மெடல். முன்பக்கம் ஆறாம் ஜார்ஜ் தலை, பின்பக்கம் இரட்டைத் தலை டிராகன் மேல் நிற்கும் சிங்கம். விளிம்பைப் படிக்க விபூதி அவசியமில்லை. இருட்டான அறையில் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பிடித்தால் எழுத்தின் நிழல் விழும். மெல்லிய தாளை விளிம்பில் சுற்றிப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தாலும் எழுத்து ஏறும். நான் இரண்டும் செய்தேன். ஒரு இலக்கம் மட்டும் 3-ஆ 8-ஆ என்று கடைசிவரை தெரியவில்லை.

இன்னும் இரண்டு மெடல் இருந்ததாம், நட்சத்திர வடிவில். அத்தைக்கு நினைவிருக்கிறது. அந்த நட்சத்திரங்கள் செம்பும் துத்தநாகமும் கலந்தவை, பார்க்கப் பித்தளை மாதிரியே இருக்கும். ஒரு பஞ்ச காலத்தில் பழைய பித்தளைக்குப் புதுப் பாத்திரம் கொடுப்பவனிடம் போய்விட்டன. போர் மெடல் செம்பும் நிக்கலும் கலந்தது, வெள்ளையாக இருந்ததால் "இது வேணாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டானாம். அதனால்தான் எங்களுக்கு அய்யா கிடைத்தார்.

எண்ணை வைத்து மறுபடி தேடினேன். 3 போட்டால் ஒன்றுமில்லை. 8 போட்டதும் ஒரே ஒரு ஆள் வந்தார். பதவி பயனியர், பிரிவு இந்தியன் பயனியர் கோர் என்ற வேலைப்படை. இறந்த நாள் 1944 மார்ச் 20. இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவர், ஊர், மதுரா, இந்தியா. அப்பத்தாவின் பெயர் ஆங்கிலத்தில் கொஞ்சம் கோணலாக எழுதியிருந்தது. கோணலாக இருந்தாலும் அப்பத்தாதான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியாமல் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேடுகிறவர்களுக்கு இங்கே சில விஷயங்கள் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து எழுத்தில் மதுரை என்பது 'மதுரா'தான், அதன் ஆங்கில எழுத்துக் கூட்டலில்தான் தேட வேண்டும். மாவட்ட எல்லையும் இப்போது இருப்பதுபோல் இல்லை. திண்டுக்கல் 1985-லும் தேனி 1996-லும்தான் தனி மாவட்டம் ஆயின. ஆகவே பெரியகுளத்துக்காரருக்கும் பழனிக்காரருக்கும் மதுரா என்றுதான் போட்டிருப்பார்கள். சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் என்றால் ராமநாதபுரம் மாவட்டம் 1910-ல் பிரிந்தது, 'ராம்நாட்' என்று பாருங்கள். ஊர்ப் பெயரை நாம் எழுதுகிற மாதிரி எழுதியிருக்க மாட்டார்கள். எழுதிக்கொண்டவர் காதில் விழுந்தபடிதான் இருக்கும். அந்த இணையதளத்தில் கூடுதல் விவரம் என்ற கட்டத்திலும் தேடலாம், அதில் ஊரின் பாதிப் பெயரையாவது போட்டுப் பாருங்கள். ஆள் பெயரில் 'கருப்பன்' என்பது கே-யிலும் தொடங்கலாம், சி-யிலும் தொடங்கலாம். எண் மட்டும்தான் மாறாது.

இறந்த இடத்தைவிட நினைவுச்சின்னத்தின் பெயர் நிறையச் சொல்லும். அய்யாவின் பெயர் இருப்பது ரங்கூன் நினைவுச்சின்னத்தில். யாங்கூனுக்கு வெளியே தாவுக்யான் போர்க் கல்லறையில் இருக்கிறது. பர்மாப் போரில் இறந்து, கல்லறை எது என்று தெரியாமல் போன ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் அங்கே தூண்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. அங்கே பெயர் இருந்தால் பர்மாப் போர்முனை என்று தெரிந்துகொள்ளலாம். நாகாலாந்தின் கோகிமாவில் எரியூட்டப்பட்ட இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 917 பேருக்குத் தனிச் சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போர் என்றால் நம் ஊர்க் கிழவிகள் "பசரா" என்று சொல்வது ஈராக்கின் பாஸ்ரா. அங்கே உள்ள நினைவுச்சின்னம் 40,000 பேருக்கு மேற்பட்டோருக்கானது.

சரி, எங்கள் வீட்டுக்கு வருகிறேன். பர்மா என்று நான் சொன்னதும் பெரியப்பா முகம் இறுகியது. "அப்ப எங்கப்பன் வெள்ளைக்காரனுக்குக் கூலி வேலை பாத்துச் செத்தாருங்கிறியா?" என்று கேட்டார். பயனியர் என்றால் மண் வெட்டுவது, ரோடு போடுவது, சரக்கு இறக்குவது என்று நான் விளக்கியதுதான் அவரைச் சுட்டிருக்க வேண்டும். எழுந்து தோப்புக்குப் போய்விட்டார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

நான் அவரை எதிர்த்து வாதாடவில்லை. ஆனால் ஒரு கணக்கு இருந்தது, அதை யாரும் போட்டுப் பார்த்ததில்லை. சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. அங்கே பிடிபட்டவர்களிலிருந்துதான் முதலில் ஐ.என்.ஏ., அதாவது பெரியப்பா சொல்லும் நேதாஜி படை, உருவானது. அதற்கப்புறம் அவர்களில் யாரும் போர் முடிகிறவரை ஊருக்கு லீவில் வர முடியாது. அப்பாவின் சாதகக் குறிப்பில் சுபானு வருஷம் ஆடி மாதம் பிறப்பு என்று இருக்கிறது. சுபானு என்றால் 1943 ஏப்ரலிலிருந்து 1944 ஏப்ரல் வரை. ஆடி என்றால் 1943 ஜூலை, ஆகஸ்ட். அப்படியானால் 1942 ஐப்பசியில் அய்யா இதே வீட்டில் இருந்திருக்கிறார். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை நம்பாதீர்கள், அது வாத்தியார் போட்டது. சாதக நோட்டு, பூப்பு நன்னீராட்டு மொய் நோட்டு, கிரயப் பத்திரம் இவற்றில் தமிழ் வருஷம் இருந்தால் அதை விடாதீர்கள்.

அடுத்து அத்தையிடம் தனியாக உட்கார்ந்தேன். ஆண்கள் இருக்கும்போது அத்தை அய்யாவைப் பற்றி வாயே திறக்காது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அப்பத்தா ஒப்பாரி வைக்குமே, அதில் அய்யாவைப் பற்றி என்ன பாடும் என்று கேட்டேன். அத்தை கொஞ்ச நேரம் கீரையையே பார்த்தது. பிறகு குரலைத் தாழ்த்தி இரண்டு வரி சொன்னது:

"செங்க அறுக்கப் போன சீமானே - ஒன்னைய
மாங்காட்டுச் சூளையிலே மறைச்சாகளே!"

சின்ன வயதில் நானும் இதைக் கேட்டிருக்கிறேன். மாங்காடு என்றால் மெட்ராஸ் பக்கத்து மாங்காட்டு அம்மன் கோயில் என்று நினைத்திருந்தோம். சண்டைக்குப் போனவர் எதற்குச் செங்கல் அறுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. "அது அங்கிட்டும் போயி செங்கதான் அறுத்துச்சாம், அவரோட இருந்த ஒரு ஆளு வந்து சொன்னாரு, அண்ணனுக்கு அது பிடிக்காது" என்றது அத்தை.

பர்மாவில் எங்கே செங்கல் அறுத்திருப்பார் என்று தேடப்போய் நான் அரக்கானைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். வங்காள விரிகுடாவை ஒட்டிய பர்மாக் கரைதான் அரக்கான். 1943, 44-ல் அங்கே பிரிட்டிஷ் இந்தியப் படை தெற்கு நோக்கிப் போகச் சாலை வேண்டும். ஆனால் அந்த மண்ணில் ரோடு போடக் கல் கிடையாது. அதனால் சாலையோரம் சூளை போட்டு, இந்தியாவிலிருந்து நிலக்கரி கொண்டுவந்து, லட்சக்கணக்கில் செங்கல் சுட்டு, செங்கல்லையே பரப்பி ரோடு போட்டிருக்கிறார்கள். மழை வந்தால் சேற்றில் போகும், மறுபடி பரப்புவார்கள். அந்தச் சாலை போய்ச் சேரும் துறைமுக ஊரின் பெயர் மாங்டோ. அதை நான் இரண்டு மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் ஊர் வாய்க்கு அது மாங்காடு ஆகாமல் வேறென்ன ஆகும்?

நான் இப்போது குடியிருப்பது மதுரை காளவாசலில். காளவாசல் என்றாலே சூளைதான். தினமும் பஸ்ஸில் அந்த நிறுத்தத்தின் பெயரைக் கண்டக்டர் கத்தும்போது இனி என்னால் வெறும் நிறுத்தமாகக் கேட்க முடியாது.

வீட்டுக் கதையில் பெருமைக்குரிய பகுதியை எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லியே அது வடிவம் மாறிவிடுகிறது. யாருக்கும் பெருமை தராத ஒரு வரியை மாற்ற யாருக்கும் காரணம் இல்லை. அந்த வரி சமையலறையில், ஒப்பாரியில், ஒரு அத்தையின் நினைவில் அப்படியே கிடக்கும். என் தேடலில் நான் நம்பியது கடைசியில் அதைத்தான்.

எண் கிடைத்த பிறகு ஆவணம் கேட்டு எழுதினேன். சிப்பாய்களின் பணிப் பதிவு டெல்லியில் ஒரே இடத்தில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனி ஆவண அலுவலகம். பயனியர் கோருக்கும், மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியல் பிரிவுக்கும் பெங்களூரு. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியில் வெலிங்டன். சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், மருத்துவப் பிரிவு லக்னோ. முன்பு நான் எண் இல்லாமல் ஓர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதம், எண் இல்லாமல் தேட இயலாது என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. இந்த முறை எண், பதவி, இறந்த நாள், கல்லறை ஆணையப் பக்கத்தின் அச்சு, அப்பாவின் வாரிசுச் சான்று எல்லாம் வைத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினேன். அங்கே எழுதிக்கொடுத்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், 'ஷீட் ரோல்' நகல் என்று கேளுங்கள் அம்மா, அதில்தான் எல்லாம் இருக்கும் என்றார். அந்த ஒரு சொல் பெரிய உதவி. யாரும் காசு கேட்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு தேடித் தருகிறேன் என்று வருபவர்களை நம்பி மெடலைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். படம் எடுத்துக் கொடுங்கள், போதும்.

இங்கிலாந்தில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பர்மாப் போர்முனைப் பிரிவுகளின் நாட்குறிப்புகள் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் இருக்கின்றன. லண்டனில் படிக்கும் பிள்ளை யாராவது தெரிந்தவர் இருந்தால், நேரில் போய் இலவசமாகவே செல்போனில் படம் எடுத்துவிடலாம். ஆனால் அதில் சிப்பாய் பெயரைத் தேடாதீர்கள். அதிகாரிகள் பெயர் வரும், சிப்பாய்கள் எண்ணிக்கையாக வருவார்கள்.

ஏழு மாதம் கழித்து பதில் வந்தது. இரண்டே பக்கம், நகலின் நகல். எல்லோருக்கும் இது கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், எங்களுக்குக் கிடைத்தது. சேர்ந்த இடம் மதுரா. உயரம் ஐந்தடி நாலங்குலம். தொழில் என்ற இடத்தில் செங்கல் வேலை. அடையாளம்: இடது முன்கையில் தீக்காயத் தழும்பு. கீழே கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முதல் தடவை ஒன்றும் சொல்லவில்லை. "தழும்பு எந்தக் கையின்னு போட்டிருக்கு?" என்று மட்டும் கேட்டார். இடது கை என்றேன். அவர் தன் இடது முன்கையை நீட்டி, அங்கே ஒன்றுமில்லாத தோலைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். எண்பது வருஷத்தில் தகப்பன் உடம்பைப் பற்றி அவருக்குக் கிடைத்த முதல் சேதி அது. போட்டோ கிடைத்திருந்தால்கூட இப்படித் தொட்டுப் பார்த்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

ஷீட் ரோலைப் பெரியப்பாவுக்கும் ஒரு நகல் அனுப்பினேன். அதோடு ஒரு தாளில் ஒன்றை எழுதி வைத்தேன்: 1944 தொடக்கத்தில் இதே அரக்கானில் ஐ.என்.ஏ. வீரர்களும் ஜப்பானியர் பக்கம் நின்றிருக்கிறார்கள். ஒரு பக்கம் அவர்கள், இன்னொரு பக்கம் ரோட்டுக்குச் செங்கல் சுட்டுக்கொண்டு அய்யா. அவர் என்ன நினைத்திருப்பார் என்பது எந்தத் தாளிலும் இல்லை. சூளைக் கூலியைவிடப் பட்டாளத்துச் சம்பளம் மாதம் தவறாமல் வரும், வீட்டில் மூன்று உயிர் இருந்தது. அந்த மனிதரை நான் சின்னவராக நினைக்கத் தயாரில்லை என்றும் எழுதினேன்.

பத்து நாள் பதில் இல்லை. பதினோராம் நாள் விடியக்காலை ஐந்தரைக்கு போன். பெரியப்பாதான். நலம் விசாரிக்கவில்லை, நேரே கேட்டார்.

"ஏ தாயி, மார்ச் இருபதுன்னா அன்னைக்கு என்ன திதி?"

இறந்த நாள் தெரியாததால் இத்தனை வருஷமும் அய்யாவுக்கு ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும்தான் வைகையில் எள்ளும் தண்ணீரும் இறைத்து வந்தோம். நான் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தேன். சுபானு வருஷம், பங்குனி 7, திங்கட்கிழமை, தேய்பிறை என்றேன். அப்பா பிறந்த அதே சுபானு என்றும் சொன்னேன்.

"தேய்பிறை சரி, எத்தனாவது திதி? பழைய பஞ்சாங்கம் ஐயர் வீட்டுல இருக்கும், நான் போய்ப் பாத்துட்டு வாரேன். தம்பிகிட்டச் சொல்லு, வர்ற பங்குனிக்கு ரெண்டு பேரும் சேந்து குடுக்கணும்" என்றார். போனை வைக்கப் போனவர் மறுபடி கூப்பிட்டார். "அந்தச் சிங்கப்பூர் தாள் இருக்குல்ல, அந்தப் பிள்ளை பேரையும் எழுதிக் குடு. நாலு மாசம் எங்கப்பன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். அவுகளுக்கும் ஒரு உருண்டை வெப்போம்."